எக்ஸால் வகுத்ததும் ஒரு விடை எங்கே போனது?

எக்ஸ்² = 5எக்ஸ் என்பதை இரு பக்கமும் எக்ஸால் வகுத்து 5 என்று முடித்திருக்கிறீர்கள்; புத்தகத்திலோ 0, 5 என்று இரண்டு விடை. எக்ஸால் வகுக்கும்போதே "எக்ஸ் 0 இல்லை" என்று சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள். அந்த 0 தான் விடைகளில் ஒன்று என்பதால் அங்கேயே கழன்றுவிட்டது. சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்று கணித மேதை பிரம்மகுப்தரே 628-இல் தவறாக எழுதியிருக்கிறார், அதனால் மனம் தளர வேண்டாம்.

வகுக்காமல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்: எக்ஸ்(எக்ஸ் − 5) = 0. ஏதாவது ஒரு காரணி 0 ஆக வேண்டும், இரண்டு விடையும் வந்துவிடும். வகுத்தே தீருவேன் என்றால், முதலில் எக்ஸ் = 0 போட்டுச் சரிபார்த்து எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் வகுங்கள்.

இதற்கு நேர் எதிரான வம்பும் உண்டு. எனக்கு அதுதான் இன்னும் ஆபத்தானதாகத் தெரிகிறது, ஏனென்றால் கையில் ஒரு விடை இருக்கும். (எக்ஸ்² − 9)/(எக்ஸ் − 3) = 6 என்பதைப் பாருங்கள். பகுதியால் (கீழே உள்ள எக்ஸ் − 3 ஆல்) இரு பக்கமும் பெருக்கினால் எக்ஸ்² − 6எக்ஸ் + 9 = 0, அதாவது (எக்ஸ் − 3)² = 0. எக்ஸ் = 3 என்று அழகாக வரும். ஆனால் 3-ஐப் பகுதியில் போட்டால் 3 − 3 = 0; 0-ஆல் வகுக்க முடியாது. சரி, அப்போது விடை? தீர்வே இல்லை. தொகுதியைக் காரணிப்படுத்திச் சுருக்கி எக்ஸ் + 3 = 6 என்று போனாலும் அதே 3 தான் வந்து ஏமாற்றும். பகுதியில் எக்ஸைப் பார்த்ததுமே, கணக்கைத் தொடுவதற்கு முன், "எக்ஸ் ≠ 3" என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள்.