சாஃப்ட்னருக்குப் பதிலாகக் கம்பளி உருண்டை போட்டால் துணி மெத்தென்று வருமா?

கேட்டவர் சேலத்துக்காரர். துவைத்த துண்டு அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருக்கிறது என்கிறார். சாஃப்ட்னர், துணி மெத்தென்று ஆகக் கடைசி அலசலில் ஊற்றுகிற திரவம்; கம்பளி உருண்டை, டிரையரில் துணியோடு போடுவது. அதனால் முதலில் நான் ஒன்று கேட்டுவிடுகிறேன்: உங்கள் வீட்டில் இருப்பது எந்த டிரையர்?

செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் பக்கத்துத் தொட்டியைத்தான் நம் ஊரில் டிரையர் என்கிறோம். அது துணியைச் சுழற்றிப் பிழியும், அவ்வளவுதான். சூடும் கிடையாது, துணி புரள்வதும் கிடையாது. அதில் உருண்டையைப் போட்டால் துணியோடு சேர்ந்து அதுவும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும். காசு தண்டம். சூடான காற்றில் துணியைப் புரட்டிப் புரட்டிக் காயவைக்கிற மெஷின் இருந்தால் மட்டும்தான் இந்தப் பேச்சே.

எங்களிடம் அது இருப்பதற்குக் காரணம் ஏற்காடு. மேலே சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம், வீடு சேலத்தில். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில்கூட, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே பனிமூட்டம் வராந்தா வரை வந்து நிற்கும். மழைக்காலத்தில் கொடியில் போட்ட படுக்கை விரிப்பு மூன்று நாள் ஆனாலும் காயாது, மக்கிய வாடைதான் அடிக்கும். அந்த வாடையை மறைக்கத்தான் சாஃப்ட்னரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். டிரையர் வாங்கிய பிறகும் கை பழக்கம் போகவில்லை.

ஒருநாள் தங்க வந்த குடும்பத்தில் ஒரு பாட்டி துண்டைக் கொண்டுவந்து, “துண்டு வாசமாத்தான் இருக்குதுப்பா, தொடைச்சா ஈரம் போக மாட்டேங்குதே” என்றார். அப்போதுதான் சோதித்துப் பார்த்தேன். மடித்த துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி உருண்டையாக அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பத்தைத் தாண்டிய பிறகுதான் மெல்ல உள்ளே இறங்கியது.

சாஃப்ட்னர் செய்வதே அதுதான். நூலின் மேல் வழவழப்பான ஒரு படலத்தைப் பூசும். கைக்கு மெத்தென்று தெரியும், ஆனால் பூச்சு ஏற ஏறத் துண்டு தண்ணீரை உறிஞ்சுவது குறையும். மைக்ரோஃபைபர் துணிக்கும், வியர்வையை இழுக்கிற விளையாட்டு உடைக்கும் இதே கதிதான்.

உருண்டை எதையும் பூசாது. ஆட்டுக் கம்பளியை அமுக்கி இறுக்கிச் செய்தது, ஏறக்குறைய கிரிக்கெட் பந்து அளவு. ஈர விரிப்புகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும்போது நடுவில் புகுந்து பிரித்துவிடும். சூடான காற்று உள்ளே போக வழி கிடைக்கும். புரளும்போது இடித்து இடித்து நூலைத் தளர்த்தும். பாதி நிரம்பிய மெஷினுக்கு மூன்று, முழுசாக நிரம்பினால் ஆறு போடுகிறேன். திணித்து அடைத்தால் உருண்டை புரள இடமே இருக்காது. எனக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமாகிறது. பாதி நேரத்தில் காய்ந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பாலியஸ்டர் துணி படபடவென்று ஒட்டுவதும் பெரிதாகக் குறையவில்லை. அதற்கு, மொறுமொறுவென்று காயும் முன்பே துணியை எடுத்துவிடுவதுதான் வழி. வாசனை அறவே கிடையாது. என் மனைவிக்கு இன்னும் அதில் வருத்தம்.

சரி, சேலத்துத் துண்டுக்கு வருவோம். அங்கே குற்றவாளி போர் தண்ணீர். கால்சியமும் மெக்னீசியமும் கலந்த உப்புத் தண்ணீர், சோப்போடு சேர்ந்து நூலில் படிந்துவிடும். மெக்னீசியம் நிறைந்த மேக்னசைட் கல்லை வெட்டியெடுக்கிற ஊரில் போர் போட்டுவிட்டு இளநீரா எதிர்பார்க்க முடியும்? மேட்டூர் தண்ணீர் வருகிற நாளில் துண்டுகளைத் துவையுங்கள், கடைசி அலசலையாவது அதில் வையுங்கள். பவுடரை இப்போது போடுவதில் பாதி போட்டுப் பாருங்கள். எப்போதாவது கடைசி அலசலில் அரை கப் வெள்ளை வினிகர் ஊற்றலாம். ப்ளீச்சோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். கொடியில் போடும் முன் நன்றாக உதறுங்கள், காய்ந்ததும் இரண்டு கையாலும் கசக்கி இன்னொரு தடவை உதறுங்கள். இதற்கு உருண்டையும் வேண்டாம், சாஃப்ட்னரும் வேண்டாம்.

அப்புறம், டிரையர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உருண்டை தலையணை உறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். போன மழைக்காலத்தில் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் போன் செய்தார். தலையணைக்குள் கறுப்பாக, முடி முடியாக ஏதோ உருண்டை இருக்கிறதாம், யாரோ செய்வினை வைத்துவிட்டார்களாம். நேரில் போய் விளக்கியும் அவர் மனைவி சமாதானம் ஆகவில்லை; வேறு அறை மாற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கிறோம். கறுப்பு உருண்டைகளை ஒதுக்கிவிட்டு வெள்ளை வாங்கிவிட்டேன்.