லிங்க்டு லிஸ்ட் காலியாகவே அச்சாகிறது: பதில்

தம்பி, லிங்க்டு லிஸ்ட்டின் (ஒவ்வொரு நோடும், அதாவது தரவுத் துண்டும், அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் பட்டியல்) தொடக்கத்தில் ஒரு ஃபங்ஷன் மூலம் நோடைச் சேர்த்த பிறகும் மெயினில் (நிரலின் முதன்மை ஃபங்ஷனில்) லிஸ்ட் காலியாகவே தெரிகிறது என்கிறீர்கள். உங்கள் மாலாக் (நோடுக்கு நினைவகத்தில் இடம் வாங்குவது) சரி, லிங்க் கொடுத்ததும் சரி. சிக்கல் ஹெட்டை, அதாவது முதல் நோடின் முகவரியை வைத்திருக்கும் பாயின்டரை, ஃபங்ஷனுக்கு அனுப்பிய விதத்தில். சி மொழியில் ஃபங்ஷனுக்குப் போவது எப்போதும் மதிப்பின் நகல்தான். முகவரியை வைத்திருக்கும் மாறியான பாயின்டருக்கும் அதே விதி. உள்ளே அந்த நகல் புது நோடைக் காட்டும், மெயினில் இருக்கும் ஹெட் பழையபடியே கிடக்கும்.

புது ஹெட்டை ரிட்டர்ன் செய்து, மெயினில் வாங்கி ஹெட்டிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் ஹெட்டின் முகவரியை அனுப்பி டபுள் பாயின்டராக (பாயின்டரின் முகவரியை வைத்திருக்கும் பாயின்டர், இரண்டு நட்சத்திரம் போட்டு எழுதுவது) வாங்குங்கள். எதற்கு இரண்டு நட்சத்திரம் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) குடைவார்கள், அதனால் இரண்டாவதையும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுங்கள். முதல் நோடை டெலீட் செய்யும்போதும் இதே சிக்கல் வரும். அங்கே ஃப்ரீ செய்வதற்கு (நோடின் நினைவகத்தை விடுவிப்பதற்கு) முன்பே அடுத்த நோடின் முகவரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.