ஈரச் சேலையோடு வாசலில் நிற்கும் ஆயா

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் குப்பம். வயது 38. சுனாமியில் என் ஆயாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு நான் அவர் கையை விட்டுவிட்டு ஓடினேன். மார்கழி பிறந்ததிலிருந்து ஒரே கனவு மூன்று முறை வந்துவிட்டது. ஆயா ஈரச் சேலையோடு வாசலில் நின்று "கதவைத் திற" என்கிறார். பூட்டில் சாவி நுழையவே மாட்டேன் என்கிறது. தெருமுனையில் கறுப்பாகத் தண்ணீர். அலறி எழுந்தால் மணி நாலரை. என் வீட்டுக்காரர் மூன்று மணிக்கே கடலுக்குப் போய்விடுவார். விடியற்காலைக் கனவு பலிக்கும், ஆயா யாரையோ கூப்பிட வருகிறார், பரிகாரம் செய் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டுக்காரரைக் கடலுக்குப் போகாமல் நிறுத்தவா? மூன்று நாளும் நல்லபடியாகத்தான் திரும்பினார், ஒரு நாள் வலை நிறைய மத்தி. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பதில்: அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன மத்தி மீனிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கனவு வந்த மூன்று நாளும் அவர் கரை திரும்பியிருக்கிறார்.

விடியற்காலைக் கனவுக்கு ஏன் இவ்வளவு பெயர் என்று கேட்டால், அதற்குத் தூக்கத்திலேயே காரணம் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாம் கனவுத் தூக்கத்துக்குள் போய் வருகிறோம். இமைக்குள் கண் வேகமாக ஓடுகிற இந்தத் தூக்கத்தைப் பற்றிச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1953இல் எழுதினார்கள். முன்னிரவில் அது சில நிமிடம்தான். விடிய விடிய நீளும். நடுவில் விழிப்புத் தட்டினால் கனவு அப்படியே மனதில் நிற்கும், இல்லையென்றால் பெரும்பாலும் மறந்துபோகும்.

உங்கள் வீட்டில் மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர் எழுகிறார், தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது, கதவு சாத்துகிறது, நீங்கள் மறுபடி கண்ணயர்கிறீர்கள். கனவு மிகுந்த நேரம் அது. காதில் கதவுச் சத்தம், மனதில் கடலுக்குப் போனவர். மார்கழி வேறு, டிசம்பர் 26ஆம் தேதி வந்தால் சுனாமியில் போனவர்களுக்காகக் கரையில் பால் ஊற்றும் நாள். கதவும் தண்ணீரும் ஆயாவும் ஒரே கனவுக்குள் வந்து சேர்ந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையேறியபோது நான் புதுச்சேரியில் இருந்தேன். எங்கிருந்தோ பறந்து வந்த தகரம் எங்கள் சுவரில் மோதிய சத்தம் சித்திரை வரைக்கும் கனவில் கேட்டது. நடந்து முடிந்த அந்த ஒரு இரவுதான் திரும்பத் திரும்ப வந்தது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? உங்கள் கனவில் வீட்டுக்காரர் எங்கேயும் இல்லை. ஆயா இருக்கிறார், திறக்காத கதவு இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள். கையை விட்டுவிட்டு ஓடினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் இத்தனை வருஷமாக உங்களைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். அப்போது உங்களுக்கு 17 வயது. படகையே தூக்கி எறிந்த தண்ணீர் அது. எந்தப் பிடி நின்றிருக்கும், தங்கச்சி?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பகலில், வெளிச்சம் இருக்கும்போது, ஒரு நோட்டில் அந்தக் கனவை எழுதுங்கள். சாவி நுழையாத இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மீதியை நீங்கள் விரும்புகிறபடி மாற்றுங்கள். சாவி திரும்பலாம். ஆயா உள்ளே வரலாம். தலை துவட்டத் துண்டு கொடுத்து, உலர்ந்த சேலை எடுத்து வைத்து, சுக்குக் காப்பி போட்டுத் தரலாம். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். பழைய கனவை விட்டுவிட்டு, இந்தப் புதுக் கதையை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். கெட்ட கனவு விடாமல் வருகிறவர்களுக்கு மனநல மருத்துவர்கள் கற்றுத்தரும் பயிற்சிதான் இது. பலருக்குக் கனவு குறைகிறது.

புதிதாக மாத்திரை ஏதாவது ஆரம்பித்தீர்களா? ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகள் கெட்ட கனவைக் கிளப்பும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பகலிலும் அலைச் சத்தம் கேட்டு உடம்பு நடுங்கினால், தூங்கவே பயமாக இருந்தால், காத்திருக்க வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அக்கா உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆயாவுக்குப் படையல் போட மனம் விரும்பினால் தாராளமாகப் போடுங்கள், அவருக்குப் பிடித்ததைச் சமைத்து வையுங்கள். பயத்துக்காகக் கடன் வாங்கிப் பரிகாரம் செய்ய வேண்டாம். வீட்டுக்காரர் போகலாமா என்பதை வானிலை அறிவிப்பையும் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கூண்டு ஏற்றிய நாளில் கனவு வராவிட்டாலும் அவரை நிறுத்துங்கள்.

தை பிறந்ததும் சாவி திரும்பியதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.