படியேறினால் மூச்சு வாங்குகிறது: இதயத்தைச் சந்தேகிக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. உலோகவியல் பொறியியலில் பி.எச்டி. நான்காம் வருடம். எங்கள் லேபில் நான் ஒருத்திதான் பெண். ஆறு மாதமாகப் படபடப்பு. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, நகம் உடைகிறது, கண்ணுக்குக் கீழே கருவளையம். இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். ஆனால் தைராய்டுக்கான டி.எஸ்.எச். அளவு குறைவாக வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் இதயச் செயலிழப்பு, தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்றெல்லாம் வருகிறது. முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை 10 மி.கி. சாப்பிடுகிறேன். ஃபர்னஸ் ஓட்டும் நாளில் பீரியட்ஸ் வந்தால் பெரிய தொல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பேட் மாற்ற வேண்டும்; பெண்கள் கழிப்பறையோ பக்கத்துக் கட்டடத்தில். அதனால் நாள் தள்ளிப் போடும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். பெரியவளானதிலிருந்தே எனக்கு இப்படித்தான், அம்மாவுக்கும் இப்படித்தான். கூட இருப்பவர்கள் ராத்திரி இரண்டு மணி வரை அசராமல் நிற்கிறார்கள். என் உடம்பு இந்தத் துறைக்கு லாயக்கில்லையோ? விட்டுவிடலாமா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட வேண்டாம். குறைந்தபட்சம், ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அந்த முடிவை எடுக்க வேண்டாம்.

எக்கோ நன்றாக இருக்கிறது. இதயத்தைப் பற்றிய பயத்தை இத்தோடு விட்டுவிடுங்கள். கருவளையத்துக்குத் தூக்கம்தான் மருந்து.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் எக்கோ இருக்கிறது, தைராய்டு இருக்கிறது, வைட்டமின் டி கூட இருக்கிறது. சில நூறு ரூபாயில் எந்தத் தெருமுனை லேபிலும் செய்யக்கூடிய ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அதாவது சிபிசி, இல்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு என்றே தெரியாமல் எக்கோ வரை போயிருக்கிறீர்கள். இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மூச்சு வாங்குகிறது என்று வரும் பெண்ணிடம் மாதவிடாய் எப்படிப் போகிறது என்று கேட்காத மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது, தொல்லை என்று நீங்கள் தாண்டிப் போன அந்த வரியைத்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்பது தொல்லை இல்லை, ரத்தப்போக்கு. நீங்கள் பொறியாளர், கணக்காகவே சொல்கிறேன். ஒரு மாதவிடாயில் வழக்கமாகப் போவது 30, 40 மில்லி ரத்தம். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்வது நாளைக்கு 1 முதல் 2 மி.கி. அதிலும் ஏறக்குறைய 1 மி.கி. தோல், குடல் வழியாகத் தினமும் உதிர்ந்து போய்விடும். மிஞ்சுவதை வைத்துக்கொண்டு மாதாமாதம் 40 மி.கி. இழப்பை எப்படி ஈடுகட்டுவீர்கள்? உள்ளே வருவதை விட வெளியே போவது அதிகம். பெரியவளானதிலிருந்து என்றால் பதினைந்து வருடக் கடன். இத்தனை நாள் கையிருப்பு தாங்கியது. நான்காம் வருடத்தில், சாப்பாடும் தூக்கமும் கெட்ட நேரத்தில், அது தீர்ந்திருக்கும்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்; அது உருவாக இரும்பு வேண்டும். சுமக்க ஆள் குறைந்தால் இதயம் வேகமாக ஓடித்தான் ஈடுகட்டும். அதுதான் உங்கள் படபடப்பு. மூச்சு வாங்குவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். முடியும் நகமும் பெரும்பாலும் இதே கணக்கில் வரும். கவனம் நிற்காமல் போவது, படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பது எல்லாம் இரும்புச்சத்துக் குறைவில் வரும். ராத்திரி இரண்டு மணி வரை நிற்கும் உங்கள் நண்பர்களின் ஹீமோகுளோபின் 14, 15 இருக்கலாம். உங்களுடையது 8 என்று வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இந்த இரும்புக் கடனை வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஃபர்னஸ் முன்னால் நின்றவரை லாயக்கில்லாதவர் என்று யார் சொன்னாலும், நீங்களே சொன்னாலும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி, 'அம்மாவுக்கும் இப்படித்தான்' என்ற வரி. நம் வீடுகளில் இது ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இது ஒரு தடயம். முதல் மாதவிடாயிலிருந்தே அதிகப் போக்கு, தாய்க்கும் அதே கதை என்றால் ரத்தம் உறைவதில் பரம்பரைக் குறை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இவற்றில் முக்கியமானது ஃபான் வில்லபிராண்ட் நோய். 1926ல் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லபிராண்ட் ஒரு தீவுக் குடும்பத்தில், ஒரு சிறுமியிடம் தொடங்கி, கண்டு எழுதியது. ஆண், பெண் இருவருக்கும் வரும். பெண்களிடம் அதிக மாதவிடாய்ப் போக்காக வெளிப்படுவதால் 'குடும்ப வாகு' என்று ஒதுக்கிவிடுகிறோம். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் இருந்ததா? மூக்கில் ரத்தம் வந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் போகுமா? எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் நீலத் திட்டு வருகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அதையும் சேர்த்து மகப்பேறு மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லி, அதற்கான பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். முடிவு தெரியும் வரை வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், பாராசிட்டமால் போதும். கர்ப்பப்பைக் கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேனும் பார்ப்பார்கள்.

இப்போது கோபப்படும் இடம். டி.எஸ்.எச். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கிரேவ்ஸ் நோய் வரை போயிருக்கிறீர்களே, பயோட்டின் சாப்பிடுவதை ரத்தம் எடுத்தவரிடம் சொன்னீர்களா? பல தைராய்டுப் பரிசோதனைகள் பயோட்டின் ஒட்டும் தன்மையைப் பயன்படுத்தியே அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 என்ற தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் காட்டும். கிரேவ்ஸ் நோய் மாதிரியே இருக்கும். சென்சாரில் பிழை இருந்தால் அந்த அளவீட்டை நீங்கள் ஆய்வறிக்கையில் சேர்ப்பீர்களா? மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். குறைந்தது இரண்டு நாள் கழித்து மறுபடி டி.எஸ்.எச். கொடுங்கள். பயோட்டின் குறைவால் முடி கொட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம். அந்தக் காசுக்கு முட்டை வாங்கியிருக்கலாம்.

நாள் தள்ளிப் போடும் மாத்திரை கல்யாணம், கோயில் என்று எப்போதாவது ஒரு முறை, மருத்துவர் கேட்டறிந்து எழுதிக் கொடுக்க வேண்டியது. லேப் ஸ்லாட் கிடைக்கும்போதெல்லாம் கடையில் வாங்கிப் போட வேண்டியதல்ல. உள்ளே இருக்கும் நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பில் ஓரளவு ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தம் கட்டும் வாய்ப்பைக் கூட்டும். வீட்டில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டி வந்திருந்தால் அது முக்கியமான விஷயம். கடைக்காரர் அதைக் கேட்டிருக்க மாட்டார். இந்த மாத்திரை போட்ட நாட்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போக்கைக் குறைக்க வேறு நல்ல வழிகள் உண்டு. அந்த நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமிலம், ஹார்மோன் சிகிச்சை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். எது உங்களுக்கு என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும், இணையம் அல்ல.

இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். முதலில் சிபிசியும், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் சோகை. மாத்திரை கொடுத்தால் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடலாம். காபியும் பாலும் ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

சரி, எப்போது ஓட வேண்டும்? மணிக்கு ஒன்றாக, முழுவதும் நனைந்த பேட்டை அடுத்தடுத்து இரண்டு மணி நேரம் மாற்ற நேர்ந்தால் (அது உங்களுக்கு வழக்கம்தான் என்றாலும்), எழுந்து நின்றதும் கண் இருட்டினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அன்றே, ராத்திரியானாலும், அவசர சிகிச்சைப் பிரிவு. சோதனை பாதியில் நின்றால் நிற்கட்டும். மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

கழிப்பறை தூரம் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அதையும் சேர்த்து நிறுத்துங்கள். கழிப்பறை பற்றித் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தயங்க ஒன்றுமில்லை. அப்புறம், வருடம் வீணாகிவிடும் என்ற கவலை இருந்தால்: யு.ஜி.சி.யின் 2022 விதிகளின் கீழ் வரும் பல்கலைக்கழகம் என்றால் பெண் ஆய்வாளர்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. வழிகாட்டியிடம் கையில் ரிப்போர்ட்டோடு பேசுங்கள். 'களைப்பாக இருக்கிறது' என்பதை விட 'ஹீமோகுளோபின் இவ்வளவு, சிகிச்சை இத்தனை மாதம்' என்று சொன்னால் பொறியாளர்களுக்கு எளிதில் புரியும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை என்கிறது. பாதிக்கு மேல் இருப்பதால்தான் இது யார் கண்ணுக்கும் நோயாகத் தெரிவதில்லை.

சிபிசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஃபெரிட்டினிலும் பயோட்டின் குழப்பும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து மூன்றாம் நாள் கொடுங்கள். ஃபர்னஸைக் கூட இருப்பவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனால் பத்து நிமிட வேலை. அன்றைக்கே அம்மாவுக்கும் போன் செய்து, அங்கே ஒரு சிபிசி எடுக்கச் சொல்லுங்கள்.