வாசகர் கேள்வி – பதில்: டிட்டிகாக்கா தீவில் ஓர் இரவு

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் கணவரும் வரும் ஜூலையில் பெரு நாட்டுக்குச் செல்கிறோம். டிட்டிகாக்கா ஏரித் தீவுகளை ஒரே நாளில் படகில் சென்று பார்த்துத் திரும்பிவிடலாம் என்கிறார் இங்குள்ள பயண முகவர். தீவு மக்களின் வீட்டிலேயே தங்கலாம் என்றும் கேள்விப்பட்டோம். எது நல்லது? நாங்கள் தரும் பணம் அவர்களுக்குப் போய்ச் சேருமா? நாங்கள் சைவம்.
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஓர் இரவாவது தங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அமந்தானி தீவில் கெச்சுவா மொழி பேசும் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, அடுப்படியிலேயே உட்காரவைத்து உணவு தருகின்றன. எந்த வீட்டுக்கு எந்த விருந்தினர் என்பதை, நம் கோயில் மண்டகப்படியைப் போல, ஊரே முறை வைத்துத் தீர்மானிப்பதால், வருமானம் ஓரிரு வீடுகளில் தேங்கிவிடாமல் பலருக்கும் பரவுகிறது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. அதற்கான பாடம் பக்கத்திலுள்ள தக்கீலே தீவில் இருக்கிறது. ஆண்களே குல்லாய் பின்னும் அத்தீவின் நெசவுக் கலையை 2005-இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. தொடக்கத்தில் பயணிகளை ஏற்றிவரும் படகுகள் தீவு மக்களின் கையிலேயே இருந்தன. பின்னர் அத்தொழில் பெரும்பாலும் ஏரிக்கரையிலுள்ள புனோ நகர நிறுவனங்களிடம் போய்விட்டதால், காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டத்தால் ஊருக்குக் கிடைப்பது குறைந்துபோனது. ஆகவே படகு யாருடையது, வீட்டாருக்கு எவ்வளவு போகிறது என்ற இரண்டையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே முகவரிடம் கேளுங்கள். அவர் மழுப்பினால், புனோ சென்று தீவு மக்களின் படகிலேயே ஏறுங்கள். அரிசி, சர்க்கரை, பழம் என்று கொஞ்சம் கொண்டுபோய் வீட்டம்மாவிடம் கொடுப்பது அங்கே வழக்கம். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகாத நமக்கு இது புதிதல்ல.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். கினோவா தானிய சூப், பலவகை உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, புதினா மணமுள்ள முன்யா இலைத் தேநீர் ஆகியவை கிடைக்கும். மீன் பரிமாறுவதும் உண்டென்பதால், ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ’ (இறைச்சியும் மீனும் வேண்டாம்) என்று ஸ்பானிய மொழியில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உயரத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஏரியே 3,812 மீட்டரில் இருக்கிறது. ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமோ 2,637 மீட்டர்தான். ஜூலை அங்கே கடுங்குளிர்காலம். இருவரும் புறப்படுமுன் மருத்துவரைப் பாருங்கள். புனோவில் இரண்டு இரவு தங்கி உடல் பழகிய பிறகே படகேறுங்கள்.