மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை

கேள்வி: எங்கள் வீட்டு நாய் மணிக்கு எட்டு வயது, 24 கிலோ எடை, லேப்ரடார் கலப்பு. போன மாதம் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டினதுபோல் உருண்டையாகத் தெரிந்தது. பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் இருந்தது. ஊசியால் உறிஞ்சிப் பரிசோதித்துவிட்டு லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னார். 19 வாரம் கீமோதெரபி கொடுக்கலாம் என்கிறார். ‘வாயில்லா ஜீவனைச் சித்திரவதை செய்யணுமா, நிம்மதியா அனுப்பிடலாம்’ என்கிறார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தை இறந்த பிறகு மாமாவுக்கு மணிதான் துணை. காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப் போவது, ஊட்டிவிடுவது, மாத்திரையை நகத்தால் ஒடித்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். 74 வயது. தாங்கமாட்டார் என்பதால் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. காய்ச்சலில் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவரும் போன வருடம் தோல் அரிப்புக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மாத்திரையை நாலு நாளாகக் கொடுத்துவருகிறார். கட்டி கொஞ்சம் வற்றிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார். கீமோ கொடுப்பதா, கருணைக்கொலையா? ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: கீமோவையும் கருணைக்கொலையையும் ஓரமாக வையுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு அந்த அரிப்பு மாத்திரை அட்டையைத் தேடி எடுங்கள். பின்பக்கம் என்ன பெயர், எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து உங்கள் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நாலு நாளாக எத்தனை கொடுத்தார் என்பதையும் மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். நிறுத்துவதா, எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அரிப்புக்குக் கொடுப்பதெல்லாம் ஸ்டீராய்டு கிடையாது. ஆனால் நாலே நாளில் கட்டி வற்றியது என்றால் அது பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். லிம்ஃபோமாவில் இந்த மாத்திரை செய்யும் வேலை பார்ப்பவரை ஏமாற்றிவிடும். புற்றுச் செல்கள் சட்டென்று சாகும், கட்டி இறங்கும், நாய் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வரும். சாகாமல் தப்பிய செல்கள் எவை என்று பார்த்தால், உள்ளே வரும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும் பம்பு அதிகமாக உள்ளவை. நாளைக்குக் கீமோ மருந்துகளான வின்கிரிஸ்டினும் டாக்ஸோரூபிசினும் உள்ளே போகும்போது அதே பம்பு அவற்றையும் வெளியே தள்ளும். முதலில் ஸ்டீராய்டை மட்டும் பல நாள் தின்ற நாய்க்குப் பிற்பாடு கீமோ சரியாகப் பிடிப்பதில்லை. பிடித்தாலும் நோய் சீக்கிரம் திரும்பிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், உங்கள் மருத்துவர் சொல்லும் 19 வாரத் திட்டத்தில் இதே பிரெட்னிசோலோனும் இருக்கிறது. மற்ற மருந்துகளோடு சேர்ந்து முதல் வாரம் அதிக அளவில் தொடங்கி, வாராவாரம் குறைந்து, நாலு வாரத்தில் நின்றுவிடும். கூட்டாக வந்தால் உதவி, தனியாக முந்திக்கொண்டால் கெடுதல்.

நாலு நாளில் குடி முழுகிவிடவில்லை. நாலு வாரமாகியிருந்தால் இந்தப் பதிலே வேறாக இருந்திருக்கும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். ‘அவரிடம் இன்னும் சொல்லவில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சிக்கல் முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது. மாமா தானாக வைத்தியம் பார்த்துவிட்டார் என்று அவர் மேல் பழியைப் போடாதீர்கள். காய்ச்சல் என்று சொன்னது நீங்கள். பிள்ளைபோல் பார்க்கும் நாய்க்குக் காய்ச்சல் என்றால் ஒரு பெரியவர் என்ன செய்வார்? கையிலிருக்கிற மருந்தைக் கொடுப்பார். அடுத்த வாரம் தன் காய்ச்சல் மாத்திரையையும் கொடுப்பார். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். இபுப்ரோஃபென் கொடுத்தால், அதுவும் ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது கொடுத்தால், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். மலம் தார்போல் கறுப்பாகப் போகும். உங்கள் பொய்க்கு அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

‘தாங்கமாட்டார்’ என்கிறீர்கள். மனைவியை வழியனுப்பிவிட்டு, மறுநாளும் எழுந்து நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போன மனிதர் அவர். அவருக்குத் தெம்பில்லை என்று தீர்ப்பெழுத உங்கள் இருவருக்கும் யார் அதிகாரம் கொடுத்தது? அவர் அழுவதைப் பார்க்க உங்களுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். பெரியவர்களிடம் மறைப்பதை மரியாதை என்று நினைக்கும் வீடுகளிலிருந்து நிறையக் கடிதங்கள் வருகின்றன. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அந்த வீட்டில் அந்த நாயை வளர்ப்பவர் அவர். நோயின் பெயர் முதலில் தெரியவேண்டியது அவருக்கு. கடைசியாகத் தெரிந்துகொள்ளும் ஆளாக அவரை ஆக்கிவிட்டீர்கள்.

இதை நியாயம் பேசுவதற்காக மட்டும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இந்த வைத்தியத்தை உங்களால் நடத்தவே முடியாது. எப்படி என்று பாருங்கள்.

வழக்கமான 19 வாரத் திட்டத்தில் முதல் வாரம் வின்கிரிஸ்டின், இரண்டாவது வாரம் சைக்ளோஃபாஸ்ஃபமைட், மூன்றாவது மறுபடி வின்கிரிஸ்டின், நாலாவது டாக்ஸோரூபிசின், ஐந்தாவது வாரம் ஓய்வு. இப்படி நாலு சுற்று. அளவை எடைக்கு அல்லாமல் உடல் பரப்புக்குக் கணக்கிடுவார்கள். 24 கிலோ நாய்க்கு அது சுமார் 0.84 சதுர மீட்டர். டாக்ஸோரூபிசின் சதுர மீட்டருக்கு 30 மில்லிகிராம் வீதம் மணிக்கு ஒரு தடவைக்கு 25 மில்லிகிராம் வரும். மொத்த அளவு ஏற ஏற அது இதயத் தசையைக் கெடுக்கும் என்பதால் சதுர மீட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். நாலு சுற்றில் 120தான் ஆகிறது. ஆனாலும் தொடங்குமுன் இதயத்தை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கலப்பில் கோலி இனத்து ரத்தம் இருக்க வாய்ப்புண்டா என்றும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அந்த வகை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் குறை உண்டு. வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின் இரண்டுமே அவற்றுக்கு வழக்கமான அளவில் விஷமாகும்.

சைக்ளோஃபாஸ்ஃபமைடைப் பல இடங்களில் மாத்திரையாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அதை ஒடிக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, வெறுங்கையால் தொடவும் கூடாது. உங்கள் மாமா மாத்திரையை எதனால் ஒடிக்கிறார்? நகத்தால். நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூள் நகக்கண்ணில் இருக்க, அதே கையால் அவரும் சாப்பிடுவார். காய்ச்சல் மாத்திரை என்று நம்புகிறவரிடம் கையுறை போடுங்கள் என்றால் ஏன் போடுவார்?

அந்த மருந்து சிறுநீர் வழியாக வெளியேறும்போது சிறுநீர்ப்பையின் உட்சுவரை அரிக்கும். சிறுநீரில் ரத்தம் வரும். அதனால்தான் காலையில் கொடுப்பது. அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வெளியே விட வேண்டும், ராத்திரி படுக்குமுன்னும் ஒருமுறை. இதைச் செய்யப்போவது யார்? கீமோ கொடுத்த நாளிலிருந்து மூன்று நாளைக்குச் சிறுநீர், மலம், வாந்தி எதையும் கையுறை இல்லாமல் அள்ளக் கூடாது. பெய்த இடத்தில் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிட்டவே வரவேண்டாம். தடவிக் கொடுப்பதற்கும் பக்கத்தில் படுக்கவைப்பதற்கும் தடையில்லை. ஊட்டிவிட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

அதைவிட முக்கியம் ஏழாவது நாள். மருந்து போய் ஒரு வாரத்தில் வெள்ளை அணுக்கள் தரைதட்டும். அந்தச் சமயத்தில் குடலிலிருந்து ஒரு கிருமி ரத்தத்துக்குள் நுழைந்தால் நாய் சில மணி நேரத்தில் சரியும். வெப்பமானியை ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூக்கு ஈரமா காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பது எதற்கும் உதவாது. நுனியில் கொஞ்சம் வாஸ்லைன் தடவி, வாலைத் தூக்கி, இரண்டு சென்டிமீட்டர் உள்ளே. நாய்க்கு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சகஜம். 39.4ஐத் தாண்டினால் நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஆக, மணிக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும் நாள்தான் உயிருக்கு ஆபத்தான நாள். ‘காய்ச்சல்தானே, முன்னாடியே இருந்தது’ என்று மாமா சும்மா இருந்துவிட்டால்? அந்த வார்த்தையை அவர் காதில் நீங்கள் மழுங்கடித்து வைத்திருக்கிறீர்கள்.

நோய் திரும்பினால் முதலில் கண்டுபிடிப்பதும் தடவுகிற கைதான். தாடை மூலை, தோள்பட்டைக்கு முன்புறம், அக்குள், தொடையிடுக்கு, பின்முட்டிக்குப் பின்னால் என்று ஐந்து இடங்களை மருத்துவரை விட்டே அவருக்குக் காட்டச் சொல்லுங்கள். வாராவாரம் ஒரே கிழமையில் தொட்டுப் பார்த்து எழுதி வைக்கட்டும். தாடைக்கடியில் உமிழ்நீர்ச் சுரப்பியும் இருக்கிறது. அதைக் கட்டியென்று பயந்து ஓடி வருபவர்கள் ஏராளம். முட்டிக்குப் பின்னால் அந்தக் குழப்பம் கிடையாது. அங்கே பட்டாணி அளவில் இருந்தது திராட்சை அளவானால் போன் செய்யலாம்.

உங்கள் கணவருக்கு: சித்திரவதை என்ற சொல்லை மனிதர்களின் கீமோவைப் பார்த்து எடுத்து வந்திருக்கிறீர்கள். நாய்க்குக் கொடுப்பது நோயை அடியோடு அழிக்கும் அளவு கிடையாது. நன்றாக இருக்கும் காலத்தை நீட்டுவதுதான் நோக்கம், அதனால் அளவும் அதற்கேற்றபடிதான். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வாந்தி, பேதி, சாப்பாட்டில் வெறுப்பு வரலாம். அதற்கு மருந்து முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஓயாமல் முடி வளரும் இனங்களைத் தவிர மற்றவற்றுக்கு முடி கொட்டாது, மீசை மட்டும் உதிரும்.

பலன் என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம். பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம். முழுத் திட்டம் என்றால் பி வகை லிம்ஃபோமாவில் ஏறக்குறைய ஒரு வருடம், டி வகையில் ஆறிலிருந்து எட்டு மாதம். டி வகையிலேயே மெதுவாக வளரும் ஒன்று இருக்கிறது. அதற்கு இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றுகூடச் சொல்வார்கள். முழுக்கக் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணிக்கு எந்த வகை என்று பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இன்னும் பார்க்கவில்லை என்றால், ஸ்டீராய்டு கட்டியைச் சுருக்கியதில் பரிசோதனைக்கான செல்களே சரியாகக் கிடைக்காமல் போகலாம். டி வகையில் ரத்தத்தில் கால்சியம் ஏறி நாய் குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கும். ஸ்டீராய்டு தின்ற நாயும் குடிக்கும். இதனால்தான் அட்டையைக் காட்டாமல் மருத்துவரிடம் போகாதீர்கள் என்கிறேன்.

19 வாரமும் போய்வர முடியாது, செலவு தாங்காது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டாக்ஸோரூபிசின் மட்டும் ஐந்து தடவை கொடுக்கும் வழி இருக்கிறது. பலன் கொஞ்சம் குறைவு, அலைச்சல் மிகவும் குறைவு. கீமோவே வேண்டாம் என்று எல்லோருமாக முடிவெடுத்தால் அந்த ஸ்டீராய்டையே மருத்துவர் சரியான அளவில் எழுதித் தருவார். அது பாவமும் இல்லை, கைவிடுவதும் இல்லை. ஆனால் அந்த ‘எல்லோரிலும்’ மாமா இருக்க வேண்டும். அவர் முடியாது என்றால் கீமோ கிடையாது. நாளும் பொழுதும் பார்த்துக்கொள்ளப்போகிறவர் சம்மதிக்காத வைத்தியம் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும்.

கருணைக்கொலைப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். மணி நடக்கிறான், சாப்பிடுகிறான். ஒரு காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு குறி, கெட்ட நாளுக்கு ஒரு குறி என்று மாமாவே போட்டு வரட்டும். கெட்ட நாள் கூடிப்போனால், இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்றால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அப்போது பேசலாம். முதலில் மயக்க ஊசி, பிறகு உயிரை நிறுத்தும் பென்டோபார்பிட்டால். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கண் மூடாது, கடைசியில் ஓரிரு தரம் மூச்சை இழுக்கலாம், சிறுநீர் போகலாம். பக்கத்தில் இருப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கப்போவது அவர்தானே. காய்ச்சல் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அன்றைக்குப் போய் எதிலிருந்து தொடங்குவீர்கள்?

நாளைக் காலை நடை முடிந்து வந்து அவர் செருப்பைக் கழற்றி உட்கார்ந்ததும், கணவனும் மனைவியுமாகப் போய் எதிரில் உட்காருங்கள். ‘மாமா, மணிக்கு வந்திருப்பது காய்ச்சல் கட்டி இல்லை, புற்றுநோய். இத்தனை நாளாக உங்களிடம் மறைத்துவிட்டோம், தப்புதான்’ என்று சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு நாள் உங்களோடு பேசாமலும் இருப்பார். அந்த மாத்திரையால் கெட்டுவிட்டதா என்று கட்டாயம் கேட்பார். இல்லை, எங்களால்தான் கொடுத்தீர்கள் என்று உங்கள் கணவர் வாயால் வரட்டும். அப்புறம் மருத்துவரிடம் கிளம்புங்கள். பின்சீட்டில் மணியோடு மாமா. அட்டை உங்கள் பையில்.