மாத்திரையைக் குறைக்கும் முன் படுக்கை நேரத்தைக் குறையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 56. கணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த சமயத்தில் என் தூக்கம் கெட்டுப்போனது. அப்போது எழுதித் தந்த அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரையை ஐந்து ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறேன். கணவர் நலமாகிவிட்டார், எனக்குத்தான் தூக்கம் திரும்பவில்லை. இப்போது ஒரு மாத்திரை போதாமல் சில நாட்களில் இரண்டு போடுகிறேன். ஒன்பது மணிக்கே படுத்து ஆறு மணி வரை கிடந்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை. போன மாதம் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்று இரவுகள் பொட்டுத் தூக்கம் இல்லை. கை நடுங்கியது, படபடவென்று வந்தது. பயந்துபோய் மறுபடி தொடங்கிவிட்டேன். ஆயுள் முழுக்க இப்படித்தானா? பின்விளைவில்லாத வேறு மாத்திரை உண்டா, டாக்டர்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒரேயடியாக நிறுத்தும் சோதனையை இன்னொரு முறை செய்யாதீர்கள். ஆனால் அந்த மூன்று இரவுகளை வைத்து, ‘மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது’ என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். அந்த இரவுகளில் நீங்கள் பட்டது பெரும்பாலும் மருந்து திடீரென நின்றதன் விளைவு.

மூளையின் பரபரப்பை அடக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலையை அல்பிரசோலம் கூட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படிக் கூட்டிக்கொண்டே இருந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஒரு மாத்திரை இரண்டானது அதனால்தான். மருந்தைச் சட்டென்று எடுத்துவிட்டால் அடக்குவதற்கு ஆளில்லாமல் பரபரப்பு மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், படபடப்பு, முன்பிருந்ததைவிட மோசமான தூக்கமின்மை எல்லாம் அங்கிருந்து வருபவை. சிலருக்கு வலிப்பே வந்துவிடும். இதன் அளவு இரத்தத்தில் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், நிறுத்தியதும் தொல்லை விரைவாகவே தலைகாட்டும்.

இனி தூக்கத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது மாத்திரையின் எண்ணிக்கையைவிட அந்த ஒன்பது மணிதான். ஒன்பது மணி நேரம் படுக்கை, ஐந்தரை மணி நேரம் தூக்கம். மீதி மூன்றரை மணி நேரம் புரண்டு படுப்பதும், கடிகாரத்தைப் பார்ப்பதும், நாளைய பொழுதை நினைத்துக் கலங்குவதும். தூக்கமின்மையைத் தொடங்கிவைக்கும் காரணம் வேறு, அதை நீடிக்கவைக்கும் காரணம் வேறு என்று 1980களில் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் விளக்கினார். உங்கள் விஷயத்தில் தொடங்கிவைத்த கவலை எப்போதோ தீர்ந்துவிட்டது. தூக்கம் கிடைக்காதா என்று சீக்கிரமே படுக்கப்போகும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

பசியில்லாமல் இலைமுன் உட்காருபவருக்குச் சோறு இறங்காது. தூக்கத்துக்கும் பசி வேண்டும். அந்தப் பசியை உண்டாக்கும் வழி, படுக்கை நேரத்தைச் சுருக்குவது. கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தூக்கம் போதவில்லை என்று வந்தவரிடம் இன்னும் குறைவாகப் படு என்கிறாரே என்று! ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகத் தரவேண்டிய சிகிச்சை என்று அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்த அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் (தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை) முதுகெலும்பே இதுதான்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், உத்தேசமாக எவ்வளவு தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், எத்தனை மாத்திரை. சராசரி ஐந்தரை மணி நேரம்தான் என்று தெரிந்தால், காலை ஆறு மணிக்கு எழுவதை மாற்றாமல், இரவு பன்னிரண்டரைக்கு முன் படுக்கைக்குப் போகாதீர்கள். பகலில் கண்ணயரவும் கூடாது. முதல் வாரம் கடினமாகத்தான் இருக்கும். எரிச்சல் வரும், மாலையில் கண் சொக்கும். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கமாகவே ஒரு வாரம் கழிந்தால், கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு கால் மணி நேரம். எந்த நிலையிலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். வலிப்பு நோய், இருமுனை மனநோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. உங்களுக்கும் ஒருமுறை மருந்து நின்று நடுக்கம் வந்திருப்பதால், உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

இடையில் விழித்து, இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். மங்கிய விளக்கில் சுவையில்லாத எதையாவது படியுங்கள். கண் சொக்கியதும் திரும்புங்கள். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

இந்த முறைக்கு உடல் பழகிய பிறகே மாத்திரையில் கைவைக்க வேண்டும். ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்பதை நிறுத்தி, மருத்துவரின் ஆலோசனையோடு தினமும் ஒரே அளவுக்கு வருவது முதல் படி. பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போது சாப்பிடும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம். மாத்திரையை உடைத்து அவ்வளவு சிறிதாகக் குறைப்பது எளிதல்ல. அதனால் சில மருத்துவர்கள் உடலில் நீண்ட நேரம் தங்கும் டயசெபாம் போன்ற மருந்துக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார்கள். பலர் தாங்களாகவே ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்று தொடங்குகிறார்கள். அல்பிரசோலம் போன்ற மருந்தில் அது ஒவ்வொரு மறுநாளும் உடலைக் குட்டிப் பட்டினி போடுவதற்குச் சமம். தினமும் சாப்பிடுங்கள், அளவை மட்டும் குறையுங்கள்.

மொத்தத்தில் மாதங்கள் பிடிக்கும். கடைசித் துண்டுதான் அதிகம் படுத்தும். ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் சில நாட்கள் தூக்கம் கெடும், கனவுகள் கூடும். அப்போது அடுத்த குறைப்பைத் தள்ளிப்போடுங்கள். ஒரு மோசமான இரவுக்காகப் பழைய அளவுக்குத் தாவாதீர்கள். வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

படுக்கை நேரத்தைச் சுருக்குவது, மாத்திரையைக் குறைப்பது இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெடுங்காலம் தூக்க மாத்திரை சாப்பிட்ட முதியவர்களிடம் கனடாவில் சார்ல்ஸ் மோரின் குழு செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. படிப்படியான குறைப்பு மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம் பேர் மாத்திரையை விட்டார்கள். நடத்தைச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 85 சதவீதம்.

வேறு மாத்திரை கேட்டீர்கள். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பாதுகாப்பானது என்று யாராவது சொல்வார்கள். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகளுக்காக 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. சளி மருந்திலிருக்கும் மயக்கம் தரும் வகைகள் வயது ஏற ஏற நினைவைக் குழப்பும். மெலடோனின் என்ற ஹார்மோன் மாத்திரை உடல் கடிகாரம் தடம் மாறியவர்களுக்கு உதவும். உங்களுடைய சிக்கலுக்கு அதனிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அல்பிரசோலத்தோடு மது கூடவே கூடாது, மூச்சையே அடக்கிவிடும்.

குறட்டை பலமா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். அப்படியானால் மூச்சுத்தடைக்கான பரிசோதனை முதலில் நடக்க வேண்டும். இந்த மாத்திரை அதை மோசமாக்கும். இரவில் கால்கள் ஒரு நிலையில் இருக்க மாட்டேன் என்கின்றனவா? இரத்தத்தில், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற வயதில் இரவில் உடல் கொதித்து வியர்ப்பதும் தூக்கத்தைக் கலைக்கும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. காபியை மதியத்தோடு நிறுத்துங்கள்.

குறிப்பு எழுதிய நோட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ‘ஒரு மாத்திரைதானே, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்’ என்று அவர் அனுப்பிவைத்தால் விட்டுவிடாதீர்கள். குறைக்கும் அட்டவணையை எழுதித் தரச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.